மாற்று இணைப்புக்கு எந்தக் கையடக்க மோடம் நல்லது?

வீட்டின் கம்பிவழி இணையம் அறுபடும்போது கைகொடுக்க, சிம் போடும் கையடக்க மோடம் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மோடத்துக்கு முன் நிறுவனத்தைப் பாருங்கள். கம்பிவழி இணைப்பைத் தரும் அதே நிறுவனத்தின் சிம்மையே வாங்கினால், அவர்களுடைய இழைவடம் (ஃபைபர் கேபிள்) எங்காவது துண்டிக்கப்படும்போது இரண்டு இணைப்புகளும் ஒன்றாகவே விழக்கூடும்.

பெட்டியில் 4ஜி என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. உங்கள் பகுதிக் கோபுரம் பயன்படுத்தும் பேண்டு எண்கள், அதாவது அலைவரிசைத் தொகுதிகளின் எண்கள், மோடத்தின் விவரக்குறிப்பில் இருந்தாக வேண்டும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரை ஊடுருவி வருவதில் மேலானவை என்பதால், உள்ளறையில் வைப்பவர்கள் அவற்றைத் தவறாமல் சரிபார்க்க வேண்டும். வாங்கியபின் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள்; கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலிமையை அது டிபிஎம் என்ற அலகில் காட்டும். அது -85 டிபிஎம் அளவில் இருந்தால் நன்று. -110க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும். மேசையிலிருந்து சன்னலோரத்துக்கு நகர்த்தி 3 டெசிபெல் கூடினாலே, வந்து சேரும் சக்தி ஏறத்தாழ இரு மடங்காகிறது.

பலர் கவனிக்காதது பேட்டரி. மாதக்கணக்கில் மின்னேற்றியிலேயே செருகி வைத்தால் லித்தியம் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளத் தொடங்கலாம். அது தீ ஆபத்து. ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் இயங்கும் மாதிரியையே நான் பரிந்துரைப்பேன்.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை அணுகுபவரானால், செல்பேசி வலையமைப்புகள் பெரும்பாலும் ஒரே பொது இணைய முகவரியை (ஐபி) பலருக்குப் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் மோடத்தை வந்தடையாது; எனவே அந்த வசதி மாற்று இணைப்பில் வேலை செய்யாமல் போகலாம்.