625-க்குப் பதில் இரண்டு 375 போடலாமா? ஆன்டிபயாடிக் கேள்விகள்

கேள்வி: சைனஸ் தொந்தரவுக்கு டாக்டர் 625 மாத்திரை எழுதினார். கடையில் அது தீர்ந்துவிட்டதாம். "375 இருக்கு, ரெண்டு ரெண்டா போட்டுக்கோங்க, பவர் கொஞ்சம் கூடத்தான்" என்று கொடுத்துவிட்டார்கள். சரிதானே?

பதில்: சரியில்லை. இன்னும் பிரிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. கிருமியைக் கொல்வது அமாக்சிசிலின். சில பாக்டீரியாக்கள் அதை உடைத்துப்போட ஒரு நொதியைச் சுரக்கும். அந்த நொதியைக் கட்டிப்போட கூடவே போவது கிளாவுலானிக் அமிலம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். 625 என்பது 500 + 125. 375 என்பது 250 + 125. பின்னால் வரும் 125 இரண்டிலும் மாறுவதில்லை. ஆக, இரண்டு 375 போட்டால் 500 + 250 உள்ளே போகிறது. அமாக்சிசிலின் கணக்கு சரியாக வரும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும். இந்த மாத்திரை போட்டால் வயிறு போகிறது என்று பலர் சொல்வதற்கு முக்கியக் காரணமே அந்த அமிலம்தான்.

வேறு கம்பெனியின் 500 + 125 இருக்கிறதா என்று கேளுங்கள். பிராண்ட் பெயர் மாறினால் பரவாயில்லை, உள்ளே இருக்கும் பெயர்களும் எண்களும்தான் மாறக்கூடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் இதுவும் அதே குடும்பம். டாக்டரிடம் சொல்ல மறந்திருந்தாலும் கடையில் வாங்கும்போதாவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈரம் ஆகாது. ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பிதுக்கி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், வேளைக்கு ஒன்றாக அட்டையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கொன்று இல்லை, மருந்துக்கொன்று. மேலே சொன்ன கூட்டு மாத்திரையைச் சாப்பிட ஆரம்பிக்கும்போதே போட்டால் வயிற்றைப் புரட்டுவது குறையும். வெறும் அமாக்சிசிலின் எப்போது வேண்டுமானாலும் சரி. சிப்ரோஃப்ளாக்சசின் போடும் நேரத்தில் பாலோ தயிரோ மட்டும் தனியாக எடுக்கக்கூடாது. கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம் எல்லாம் இதோடு போய் ஒட்டிக்கொள்ளும். குடல் மருந்தை உறிஞ்சாது. அதனால் அசிடிட்டி மருந்து, சத்து மாத்திரை போடுகிறவர்கள், அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ சிப்ரோஃப்ளாக்சசினைப் போட வேண்டும். எந்தெந்த சத்து மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

டாக்சிசைக்ளின் பற்றிச் சொந்த அனுபவமே உண்டு. ஒரு நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் நெஞ்சுக்கு நடுவே தணல் வைத்தமாதிரி இருந்தது, இரண்டு நாள் எச்சில் விழுங்கினாலும் வலி. கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்து புண்ணாக்கிவிட்டது. அதைப் போடும்போது ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால்தானே! இதைச் சாப்பிடும் நாட்களில் வெயிலும் சருமத்தைச் சீக்கிரம் பொசுக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் சரியாக 8 மணி நேரத்துக்கு ஒன்றா? ஒரு வேளை விட்டுப்போனால்?

பதில்: பொதுவாக நடு ராத்திரி அலாரம் வைக்கத் தேவையில்லை. எழுந்ததும் ஒன்று, பிற்பகல் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று சீராகப் பிரித்தால் போதும். விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்குப் பொடி பாட்டில் கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தால் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. இன்னும் ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். கோடு வரை முதலிலேயே ஊற்றிவிட்டு மூடிக் குலுக்கியிருப்பீர்கள். பொடி நனைந்ததும் மட்டம் இறங்கிவிடும். முதலில் பாட்டிலைத் தட்டி அடியில் கட்டியாக இருப்பதை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதியளவு ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். கோட்டுக்குக் குறைந்தால் மருந்து கெட்டியாகி அளவு கூடிவிடும், தாண்டினால் குறைந்துவிடும். பயமாக இருந்தால் கடையிலேயே கலந்து தரச் சொல்லுங்கள்.

கலந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். மருந்தைப் பொறுத்து 7 முதல் 14 நாள் வரைதான் ஆயுள், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதி கலக்காத பொடிக்கு. ஃபிரிட்ஜில் வைப்பதா வெளியிலா என்பதும் லேபிளில் இருக்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, கூட வந்த மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையலறை ஸ்பூன் ஒன்றில் 3 மில்லி பிடிக்கும், இன்னொன்றில் 7 பிடிக்கும். பால் பாட்டிலில் கலந்து கொடுத்தால், குழந்தை பாதியில் தள்ளிவிட்டால் மருந்தும் பாதிதான் போயிருக்கும்.

கேள்வி: மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டது. நிறுத்திவிடலாமா? மிச்சத்தைக் கணவரின் தொண்டை வலிக்குக் கொடுக்கலாமா?

பதில்: கணவருக்கு வேண்டாம். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. நிறுத்துவது பற்றி மருத்துவ உலகத்திலேயே ஒரு விவாதம் உண்டு. எல்லா நோய்க்கும் முழு கோர்ஸ் அவசியம்தானா என்று 2017-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்டார்கள். பல நோய்களுக்கு முன்பைவிடக் குறைந்த நாட்களே எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் நோய் அந்த வகையா என்பதைக் காய்ச்சல் போனதை வைத்து வீட்டில் முடிவு செய்ய முடியாது. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

முடிந்த பிறகும் மாத்திரை மிஞ்சினால், முழு அட்டையாகத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் நடுவில் வேளை விட்டுப்போயிருக்கும். வாங்கும்போதே நாட்களையும் வேளைகளையும் பெருக்கி எண்ணிக்கை சொல்லி வாங்குங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால், காலாவதித் தேதி உள்ள பக்கம் உங்கள் துண்டில் இருக்கட்டும்.

கேள்வி: நாலைந்து முறை பேதியாகிறது. நிறுத்த மாத்திரை போடலாமா?

பதில்: லேசாக வயிறு இளகுவது சகஜம். தண்ணீராகப் பல முறை போனால், ரத்தம், காய்ச்சல், வயிற்றைச் சுருட்டும் வலி என்று இருந்தால், பேதி நிறுத்தும் மாத்திரையைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழிந்ததால் குடலில் வேறொரு கிருமி பெருகியிருக்கலாம். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் இது வரும். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கினால் அடுத்த வேளையை மறந்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

கேள்வி: மெட்ரோனிடசோல் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பீர் மட்டும்?

பதில்: வேண்டாம். வாந்தி, படபடப்பு, முகம் சிவப்பது எல்லாம் வரலாம். கடைசி மாத்திரைக்கு அப்புறமும் 3 நாள் பொறுங்கள். பீரைவிடப் பெரிய விஷயம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால் மெட்ரோனிடசோல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும்; ரத்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று இன்றே கேட்டுவிடுங்கள்.