ஸ்டாலினும் சர்ச்சிலும் ஒரே அணியில் எப்படி? பத்து வயதுப் பிள்ளைக்குப் போர்க் கூட்டணிகளைச் சொல்லித்தருவது

கேள்வி: என் பையன் ஐந்தாம் வகுப்பு. யூடியூபில் இரண்டாம் உலகப்போர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறான். நல்ல நாடுகள் ஒரு பக்கம், கெட்ட நாடுகள் ஒரு பக்கம் என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது "ஜப்பான் கெட்ட நாடுன்னா நேதாஜி ஏம்மா அவங்களோட சேர்ந்தார்? ஸ்டாலின் கெட்டவர்ன்னு வீடியோல சொல்றாங்க, அவர் எப்படி நல்லவங்க பக்கம்?" என்று மடக்குகிறான். எனக்கே குழப்பம்தான். எப்படிச் சொல்வது?
(ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை)

பதில்: முதலில் அந்த நல்ல நாடு, கெட்ட நாடு கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது எங்கே உடையுமோ சரியாக அங்கேயே கை வைத்திருக்கிறான் உங்கள் பையன், கெட்டிக்காரன். அதற்குப் பதிலாக, எந்தக் கூட்டணியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ரெண்டே கேள்வி கேட்கப் பழக்கிவிடுங்கள். இவர்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் யாரைக் கண்டு பயம்? ஒப்பந்தத்தில் என்னதான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்?

தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கூட்டணி என்றால் விளக்கவே வேண்டாம். போன தேர்தலில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்ட கட்சிகள் இந்தத் தேர்தலில் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்வதை டிவியில் பார்த்திருப்பான். அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் அங்கேயே நிற்காதீர்கள், ஏனென்றால் தேர்தலில் தோற்றவர் வீட்டுக்குப் போவார், போரில் ஊரே போய்விடும். அந்தப் பயம்தான் பிடிக்காதவர்களையும் பக்கத்தில் உட்காரவைக்கிறது.

அப்புறம், ஐரோப்பா வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் நம் ஊரிலிருந்தே ஆரம்பியுங்கள். சென்னைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதல் உலகப்போர் தொடங்கியிருந்த 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து குண்டு வீசியது, துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுங்கள். காட்டிவிட்டு ஒரு புதிர் போடுங்கள்: அன்றைக்கு ஜப்பான் எந்தப் பக்கம்? ஜெர்மனி பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். தப்பு. ஜப்பான் அப்போது பிரிட்டன் பக்கம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் வந்த கப்பல் வரிசைக்குக் காவலாக வந்தவற்றில் இபுகி என்ற ஜப்பானியப் போர்க்கப்பலும் ஒன்று. அதே வரிசையிலிருந்து பிரிந்து போன ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னிதான் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனின் கதையை முடித்தது.

சரி, ஏன் ஜப்பான் பிரிட்டன் பக்கம்? 1902இல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ரெண்டுக்கும் ரஷ்யாவைக் கண்டால் பயம். ரஷ்யா ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்துவிடுமோ என்று பிரிட்டனுக்கு, கொரியாவையும் மஞ்சூரியாவையும் விழுங்கிவிடுமோ என்று ஜப்பானுக்கு. 1905இல் புதுப்பித்தபோது, இந்தியாவில் பிரிட்டனின் நலன்களைக் காக்க ஜப்பானும் கைகொடுக்கும் என்று சேர்த்தே எழுதினார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் அந்தப் பயம் வடிந்தது. அமெரிக்காவுக்கும் இந்தக் கூட்டு பிடிக்கவில்லை. 1923இல் ஒப்பந்தம் காலாவதியானது. அதற்குப் பிறகு ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தது, 1941இல் அமெரிக்கா எண்ணெய் விற்பதை நிறுத்தியது, எண்ணெய் இருந்த இடங்களோ பிரிட்டனும் டச்சுக்காரர்களும் ஆண்டுகொண்டிருந்த தென்கிழக்காசியப் பகுதிகள், அவற்றைப் பிடிக்க ஜப்பான் படையெடுத்தது.

1942 ஏப்ரலில் அதே ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவில் எதிரியாக வந்து நின்றது. 5ஆம் தேதி கொழும்பில் குண்டு, 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது நாம்தான் என்று சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று விலங்குக்காட்சிச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் கட்டாயம் நிறுத்திக் கேட்பார்கள், அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் ஒப்பந்தம் மாறினால் யார் தலையில் விடியும் என்பது அவனுக்கு இதில்தான் உறைக்கும். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னை மீது நிஜமாகவே குண்டு வீசிவிட்டும் போனது. காவலாகக் கப்பல் அனுப்பிய நாடு முப்பது வருஷத்துக்குள் குண்டு வீசுகிறது, ஊர் அதே ஊர், கடல் அதே கடல்.

இனி ஸ்டாலின். எந்த ஸ்டாலின் என்று முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள், சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் சகஜம். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் (ரஷ்யாவும் பக்கத்து நாடுகளும் சேர்ந்த ஒன்றியம்) தலைவர் ஸ்டாலின் இறந்தது அதே மார்ச் 5. அவர் நினைவாகத்தான் இவருக்குப் பெயர்.

சோவியத் ஸ்டாலின் 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியோடு சண்டையில்லா ஒப்பந்தம் போட்டவர். அதில் ஓர் இரகசியப் பகுதியும் உண்டு, போலந்தை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் அதே ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டு சோவியத் மீது பாய்ந்தார். அன்று இரவே பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வானொலியில் ரஷ்யாவுக்கு உதவுவோம் என்று அறிவித்தார், கம்யூனிசத்தைத் தொட்டிலிலேயே நெரிக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் முழங்கிய அதே சர்ச்சில். ஹிட்லர் நரகத்தின் மீது படையெடுத்தால் சாத்தானைப் பற்றிக்கூட நாடாளுமன்றத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று தன் செயலாளரிடம் சொன்னாராம். பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு பக்கப் பாடம் செய்யாததை இது செய்யும்.

அதற்காக அவர்கள் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரான்சில் படை இறக்கி ஜெர்மனியை மேற்கிலிருந்தும் அடியுங்கள் என்று ஸ்டாலின் கேட்டுக்கொண்டே இருந்தார், அது நடந்தது 1944 ஜூன் 6இல்தான். அதற்குள் சோவியத் மக்கள் லட்சம் லட்சமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்தபோது அவர்கள் இழப்பு ஏறத்தாழ 2.7 கோடி, அமெரிக்காவின் இழப்பு சுமார் 4 லட்சம். நம்மைச் சாகவிட்டு வேடிக்கை பார்க்கிறார்களோ என்று ஸ்டாலின் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை.

ரெண்டு படங்களை இணையத்தில் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் எடுத்தது. சர்ச்சில், நடுவில் தோளில் மேலங்கி போர்த்திய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், அந்தப் பக்கம் ஸ்டாலின். ரூஸ்வெல்ட் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், எவ்வளவு வாடிப்போயிருக்கிறார் என்று அவனே சொல்வான், ரெண்டு மாதத்தில் இறந்துவிட்டார். இன்னொன்று அதே ஆண்டு போட்ஸ்டாம் மாநாட்டின் கடைசி நாட்களில் எடுத்தது. ரூஸ்வெல்ட் இடத்தில் அடுத்த அதிபர் ட்ரூமன். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டனில் தேர்தல் முடிவு வந்து சர்ச்சில் தோற்றுவிட்டதால் அவர் இடத்தில் புதுப் பிரதமர் அட்லி. பழைய ஆள் ஸ்டாலின் மட்டும். ஆள் மாறினாலும் ஒப்பந்தம் நாட்டின் பெயரில் நிற்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. ஆனால் ஹிட்லர் என்ற பொதுப் பயம் போன பிறகு அந்தக் கூட்டு எத்தனை நாள் தாங்கியது? 1948இல் ஸ்டாலின் மேற்கு நாடுகளின் வசமிருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளை அடைத்தார், 1949இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத்தை மனதில் வைத்து நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியைத் தொடங்கின.

நேதாஜி கேள்விக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்லுங்கள். 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்து அக்டோபரில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. போஸ் கணக்கு வேறு: என்னை ஆள்பவன் பிரிட்டன், அவனுடைய எதிரி எவனோ அவனிடம் உதவி கேட்பேன். பெர்லின் போனார், பிறகு நீர்மூழ்கிக் கப்பலில் தென்கிழக்காசியா வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். அதே நேரத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள், அதிலும் தமிழர்கள் நிறைய. அவர் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், அது உங்கள் கருத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நழுவக் கூடாது. நல்ல நாடு, கெட்ட நாடு இல்லை என்பதற்காக எல்லாரும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. யூதர்கள் என்பதற்காகவே சுமார் 60 லட்சம் பேரை நாஜிகள் கொன்றது கொடுமை, அதை அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள், முகாம் படங்களை மட்டும் இந்த வயதில் காட்ட வேண்டாம். நம் பக்கத்துக் கொடுமையையும் மறைக்காதீர்கள்: 1943இல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது ஆட்சியில் இருந்தது, ஹிட்லரை எதிர்த்த நேச நாடுகளில் ஒன்றான பிரிட்டன்தான்.

அடுத்து அவன் இத்தாலியைப் பிடிப்பான், தயாராக இருங்கள். 1882இல் ஜெர்மனியோடு கூட்டு, 1914இல் போர் வந்ததும் நடுநிலை, 1915இல் எதிர்ப்பக்கம் தாவல், 1940இல் மறுபடி ஜெர்மனி பக்கம், 1943 அக்டோபரில் அதே ஜெர்மனி மீது போர் அறிவிப்பு. இதற்கு விடையை நீங்கள் சொல்லாதீர்கள். ரொம்பத் திணறினால், 1943 ஜூலையில் சிசிலித் தீவில் யார் வந்து இறங்கினார்கள் என்று மட்டும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.