நாலரை வருசம்

அன்புள்ள ஐயா,
எங்கள் தோட்டப் பக்கத்திலிருந்து வந்த சட்டத்தரணி ஒருவர் சில காலமே எம்.பி.யாக இருந்தார் என்று அப்பா சொல்வார். குடியுரிமைச் சட்டத்தை அவரைப் போன்ற எம்.பி.க்களால் தடுக்கவே முடியவில்லையே, அவ்வளவு குறுகிய பதவிக்கு வரலாற்றில் என்ன இடம்?
ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

பதவி ஏன் குறுகியது என்பதிலிருந்து பார்ப்போம். 1947 தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி எல்லாம் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் பக்கம் நின்றன. மறுவருடமே தோட்டத் தமிழரில் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே தள்ளிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. மக்கள் வாக்கில் அடுத்து ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான், பாராளுமன்றத்துக்குள் போக 1977 ஆனது. அந்த நாலரை வருசத்தோடு கதவையே பூட்டிவிட்டார்கள். அதை அந்த மனிதர்களின் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, சட்டம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? வாக்காளர் இடாப்பில் பெயர் கேட்டு கோடாக்கன் பிள்ளை தொடர்ந்த வழக்கு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது என்ற, அன்றைய சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவை வைத்து, அப்போதைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தோற்றது. தோற்றாலும், இது பாகுபாடு என்று அவ்வளவு உயரத்தில் வாதாடியது பதிவில் இருக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களான அப்புக்காத்துகளின் வாதத்தைவிட, மனு, பத்திரம் எழுதும் ஊர் வக்கீல்களான பிரக்கிராசிகளின் மேசைதான். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். மணமானவர் ஏழு வருசம், மணமாகாதவர் பத்து வருசம் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு எங்கே? தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஒரு மாதிரி, கோயில் கணக்கில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி எழுத வேண்டும். அப்படிச் சுமார் இரண்டே கால் லட்சத்துக்கு மேல் மனுக்கள் போயின.

என் தாத்தாவின் மனுவும் அதில் ஒன்று. அவருடைய அப்பா சாகக் கிடந்தபோது தமிழ்நாட்டுத் துறையூர் போய்ப் பதினான்கு மாதம் தங்கிவிட்டார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்பு அறுந்தது என்று கணக்கு. மனு தள்ளுபடி. விடாமல் மறுபடி எழுதிக் கொடுத்தவர் ஒரு பிரக்கிராசி. காசு வாங்கவில்லை என்று பாட்டி சொல்வாள். அவர் பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

உங்கள் அப்பா சொன்னவரின் பெயர் அவருக்கு நினைவிருந்தால், இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.