இன்வாய்ஸில் அச்சடித்த தாமதக் கட்டணத்தை வசூலிக்க முடியுமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் சிறிய கேட்டரிங் கம்பெனி நடத்துகிறேன். ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்துக்குத் தீபாவளி சமயத்தில் அடுத்தடுத்து மூன்று விருந்துக்குச் சாப்பாடு கொடுத்தேன். மொத்தம் 9,200 வெள்ளி. மூன்று பில்லுக்கும் கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ‘தாமதமானால் மாதம் 2 விழுக்காடு, ஒவ்வொரு பில்லுக்கும் 150 வெள்ளி நிர்வாகக் கட்டணம்’ என்று இன்வாய்ஸின் அடியில் அச்சடித்திருக்கிறேன். கொட்டேஷனில் அப்படி எதுவும் இல்லை. இப்போது 1,370 வெள்ளி சேர்த்துக் கேட்டால், ‘அசலை மட்டும் தருகிறோம், மற்றது சட்டப்படி செல்லாது’ என்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த முதலாளியே வாட்ஸாப்பில், ‘அண்ணே, லேட் சார்ஜ் சேர்த்தே தந்துடறேன், இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குங்க, கேஸ் எதுவும் போட வேண்டாம்’ என்று எழுதினார். நானும் ‘சரி தம்பி, பொறுத்துக்கிறேன்’ என்று பதில் போட்டேன். நான் கேட்பது தவறா?

பதில்: தவறே இல்லை. அரிசிக்கும் காய்கறிக்கும் நீங்கள் அன்றைக்கே காசு கொடுத்திருப்பீர்கள், ஆட்களுக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் போட்டிருப்பீர்கள். அவர்களோ உங்கள் பணத்தில் ஐந்து மாதம் தொழில் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் கேட்பது நியாயமாக இருப்பது வேறு, நடுவர் மன்றம் அதை வாங்கிக் கொடுப்பது வேறு. நீங்கள் கேட்கும் 1,370 வெள்ளியில் ஒரு பகுதி தேறாது, இன்னொரு பகுதிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு வருவது இன்வாய்ஸிலிருந்து அல்ல.

பிரிட்டனில் 1998-இல் கொண்டுவந்த ஒரு சட்டம், வணிகர்களுக்கு இடையிலான கடன் தாமதமானாலே வட்டி கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாவிட்டாலும் அங்கே அது கிடைக்கும். சிங்கப்பூரில் அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. கட்டுமானத் துறைக்கு மட்டும் 2004-ஆம் ஆண்டின் பணப் பாதுகாப்புச் சட்டம் தாமத வட்டிக்கு வழி செய்திருக்கிறது. மற்ற எல்லோரும் இரு தரப்பும் என்ன பேசி முடித்தார்கள் என்பதைத்தான் காட்ட வேண்டும்.

உங்கள் சிக்கல் அங்கேதான். கொட்டேஷன் அனுப்பினீர்கள், அவர்கள் சரி என்றார்கள். ஒப்பந்தம் அந்த நிமிடமே முடிந்துவிட்டது. இன்வாய்ஸ் போனது விருந்து முடிந்த பிறகு. பின்னால் வந்த தாளில் ஒரு தரப்பு மட்டும் புதிதாகச் சேர்த்த நிபந்தனை மறு தரப்பைக் கட்டுப்படுத்தாது. 1949-இல் ஓல்லி என்ற பெண்மணி ஒரு ஹோட்டலுக்கு எதிராகப் போட்ட வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது இதுதான்: வரவேற்பு மேசையில் பணம் கட்டியபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அறைக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பு அதற்குப் பிறகு வந்தது, அதனால் செல்லாது.

‘முதல் பில்லைப் பார்த்த பிறகுதானே அடுத்த ஆர்டர் கொடுத்தார்கள்?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி இன்வாய்ஸ் போய், அவர்களும் முனகாமல் கட்டி வந்திருந்தால், அந்தப் பழக்கமே நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரும் என்று வாதிடலாம். கொஞ்ச நாளுக்குள் நடந்த மூன்று விருந்தை வைத்து அந்த வாதத்தை நிறுத்துவது கடினம். நான் அதை நம்பி இறங்க மாட்டேன்.

நான் நம்புவது அந்த வாட்ஸாப் செய்தியை. ஒருவர் சும்மா ‘தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்தால் சட்டம் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு பக்கமும் ஏதாவது கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தாமதக் கட்டணம் தருவதாகச் சொன்னார், பதிலுக்கு அவகாசமும் வழக்குப் போடாமல் இருப்பதும் கேட்டார். நீங்கள் ‘பொறுத்துக்கிறேன்’ என்று எழுதி, சொன்னபடி மாதக் கடைசி வரை பொறுத்தும் இருக்கிறீர்கள். வழக்குப் போடாமல் காத்திருப்பது மதிப்புள்ள கைம்மாறு என்பது நீண்ட காலமாக நிலைத்த கொள்கை. எழுதியவர் கணக்குப் பிரிவு ஊழியராக இருந்தால், ‘அவருக்கு அதிகாரம் இல்லை’ என்று நிறுவனம் நழுவப் பார்க்கும். முதலாளியே எழுதியதால் அந்தக் கதவும் அடைபட்டுவிட்டது.

அவர்கள் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வாதம், அந்தத் தொகை தண்டனையாகப் போட்ட தொகை என்பது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே குறிக்கும் தொகை, ஏற்படக்கூடிய நட்டத்தின் நேர்மையான மதிப்பீடாக இருக்க வேண்டும். பயமுறுத்தப் போட்ட தொகையை நீதிமன்றம் தூக்கிவிடும். 1915-ஆம் ஆண்டின் டன்லப் டயர் வழக்கில் வகுத்த விதி இது. பிரிட்டன் 2015-இல், கார் நிறுத்திய ஒருவரிடம் 85 பவுண்டு கேட்ட வழக்கில், ‘நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருந்தால் போதும்’ என்று விதியைத் தளர்த்திவிட்டது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல், டென்கா எதிர் செராயா எனர்ஜி வழக்கில், அந்த வழியில் போக மறுத்துப் பழைய விதியிலேயே நின்றது. இணையத்தில் பிரிட்டிஷ் ஆலோசனையைப் படித்துவிட்டு வருபவர்கள் இடறும் இடம் இது.

இந்த விதியில் உங்கள் 150 வெள்ளி தாங்காது. ஒரு நாள் தாமதத்துக்கும் 150, ஐந்து மாதத்துக்கும் 150. 500 வெள்ளி பில்லுக்கும் அதே, 5,000 வெள்ளி பில்லுக்கும் அதே. சின்னத் தவறுக்கும் பெரிய தவறுக்கும் ஒரே தொகை என்றால் அது தண்டனை என்று சந்தேகிக்க டன்லப் தீர்ப்பே இடம் தருகிறது. நிர்வாகக் கட்டணம் என்று பெயர் வைத்ததால் தப்பிக்காது. அந்த 450 வெள்ளியை விட்டுவிடுங்கள்.

மாதம் 2 விழுக்காடு கதை வேறு. நாள் கூடக் கூடத்தான் அது கூடுகிறது. ஆண்டுக்கு 24 விழுக்காடு என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அது தண்டனை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. உங்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. தண்டனை விதி பாய்வது ஒப்பந்த மீறலுக்கான தொகையின் மீதுதான். வாட்ஸாப்பில் அவர் ஒப்புக்கொண்டதை, கூடுதல் அவகாசத்துக்குக் கொடுக்கும் விலை என்று வாதிடலாம். இந்த ஐந்து மாதத்தில் ஓவர்டிராஃப்ட், கிரெடிட் கார்டு என்று எதிலாவது நீங்கள் வட்டி கட்டியிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதம் 4 விழுக்காடு வரை வாங்கலாமே என்று மட்டும் வாதிடாதீர்கள். அது அவர்களுக்கான உச்ச வரம்பு, சாப்பாட்டு பில்லுக்கு அளவுகோல் இல்லை.

இவை எல்லாமே தோற்றாலும் கை முழுக்கக் காலியாகாது. கடனுக்கு வட்டி விதிக்க நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் உண்டு, வழக்கமான விகிதம் ஆண்டுக்கு 5.33 விழுக்காடு. 9,200 வெள்ளிக்கு ஐந்து மாதக் கணக்கில் சுமார் 204 வெள்ளி வரும். பெரும்பாலும் வழக்குப் பதிவான நாளிலிருந்துதான் கணக்கு என்பதால் அதைவிடக் குறையவும் செய்யும்.

சரி, எங்கே போவது? சிறு கோரிக்கை நடுவர் மன்றம், அதாவது எல்லோரும் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று சொல்லும் இடம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. வழக்கறிஞர் வர முடியாது, கம்பெனி சார்பில் நீங்களே பேசலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. பணம் வர வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

பதிவுக் கட்டணத்தைக் கவனியுங்கள். வணிகர்கள் போடும் கோரிக்கைக்கு 5,000-க்கு மேல் 10,000 வெள்ளி வரை 100 வெள்ளி, 10,000-ஐத் தாண்டினால் கோரும் தொகையில் 3 விழுக்காடு. அசல் 9,200, வட்டி 920, ஆக 10,120. இதற்குக் கட்டணம் 303 வெள்ளி 60 காசு. 120 வெள்ளியை விட்டுக்கொடுத்து 10,000-இல் நிறுத்தினால் 100 வெள்ளியோடு முடிந்தது. நான் நிறுத்தத்தான் சொல்வேன்.

வாட்ஸாப் உரையாடலைத் தேதியும் தொலைபேசி எண்ணும் தெரியும்படி இன்றே சேமித்து வையுங்கள். தமிழில் இருப்பதால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். உங்கள் ‘சரி தம்பி’ பதிலும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தத்தின் மறுபாதி அதுதான். அப்புறம், கோபத்தில் அவர் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுத வேண்டாம். 2014-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, வாங்க வேண்டியவர் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராக மாறிவிடக் கூடாது. கடன் வசூல் நிறுவனத்திடம் கொடுத்தால் அவர்களுடைய கமிஷனையும் அவர் தலையில் கட்ட முடியாது. அதையும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

அசலை மட்டும் அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். 1884-இல் ஃபோக்ஸ் எதிர் பியர் வழக்கில், அசலைத் தவணையாக வாங்கிக்கொண்ட திருமதி பியர், மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தும், பிறகு வட்டியைக் கேட்டு வென்றார். அந்தத் துணிச்சலில் நீங்களும் ‘கணக்கு முழுதும் தீர்ந்தது’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணம் வந்த அன்றே, ‘9,200 வெள்ளி கிடைத்தது, ஒப்புக்கொண்ட தாமதக் கட்டணம் இன்னும் பாக்கி’ என்று ஒரு வரி அனுப்புங்கள்.

அடுத்த ஆர்டரிலிருந்து தாமதக் கட்டணத்தைக் கொட்டேஷனிலேயே எழுதி, கையெழுத்தோ வாட்ஸாப் சம்மதமோ வாங்கிய பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். மாதம் 1 விழுக்காடு போதும், காப்பாற்றுவது எளிது. இன்னொரு வழி, விலையைச் சற்று உயர்த்தி, 14 நாளில் கட்டினால் தள்ளுபடி என்று வைப்பது. உண்மையான விலை ஏற்பாடாக அது இருந்தால் தண்டனை என்ற பேச்சுக்கு இடம் குறைவு. வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று வரும் குடும்பங்களுக்கு இந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். நுகர்வோருக்கு மிகக் கடுமையான, ஒருதலைப்பட்சமான நிபந்தனை வைப்பதை 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகமாகப் பார்க்கும். அவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை விருந்துக்கு முதல் நாள்.