கிறிஸ்தவ சபையில் ‘ஆளுகை வரம்’ என்றால் என்ன?

பலரைச் சேர்த்து ஒரு வேலையை நடத்திக்கொண்டு போகும் திறமைதான் அது. சபை ஒரே உடல், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை என்பதால், இதையும் பரிசுத்த ஆவியானவர் தரும் வரமாக அப்போஸ்தலர் பவுல் எண்ணுகிறார். பைபிளில் அவர் எழுதிய 1 கொரிந்தியர் 12:28-இல் ‘ஆளுகைகள்’ என்று வரும் கிரேக்கச் சொல்லுக்குக் கப்பலைச் செலுத்துவது என்று பொருள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் காசிமேட்டுக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்! எல்லார் கண்ணும் வலையில் இருக்கும்போது சுக்கான் பிடிப்பவர் பார்ப்பது காற்றை, நீரோட்டத்தை, அப்புறம் கரை திரும்ப டீசல் போதுமா என்பதை. ரோமர் 12:8 தலைமை தாங்குவதையும் வரமாகவே சொல்கிறது.

பாஸ்டருக்கு மட்டும்தான் இந்த வரம் என்று நினைக்காதீர்கள். ராயபுரத்தில் சபை விருந்துக்கு எத்தனை கிலோ அரிசி, எந்தப் பந்திக்கு யார் பரிமாறுவது என்று நோட்டில் எழுதிவைக்கும் அக்காவுக்கும் இருக்கலாம்.