12 முட்டை வைத்து 4 குஞ்சுதானா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “சித்திரை மாதம் நாட்டுக்கோழியை 12 முட்டையில் அடை வைத்தேன். 4 தான் பொரித்தது. 5 கூமுட்டை. மீதி 3-இல் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. கூடையில் இரும்புத்துண்டு போடாததால் இடி தாக்கிவிட்டது என்கிறார் பாட்டி. கோழியை மாற்றிவிடலாமா?”

கோழியை விற்றுவிடாதீர்கள். 21 நாள் அடையை விடாமல் படுத்து 4 குஞ்சை இறக்கியிருக்கிறது, அதன் மேல் குற்றமில்லை. இரும்புத்துண்டும் கரியும் கூடையில் இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டிக்காக. நான் கேட்பது வேறு: அந்த 12 முட்டையும் எத்தனை நாளில் சேர்ந்தவை?

நாட்டுக்கோழி தினமும் முட்டையிடாது. 12 சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆக, அடை வைத்த அன்று முதல் முட்டைக்கு வயது 15 நாளாவது இருக்கும். அதுவும் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டுக்குள். கரு வளர 37 டிகிரி வேண்டும்தான். ஆனால் 28 டிகிரியைத் தாண்டினாலே அது அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். அந்தச் சூடு போதாமல் இரண்டொரு நாளில் செத்தும் போகும். உங்கள் கூமுட்டைகளில் பாதியாவது கோழி படுப்பதற்கு முன்பே செத்தவை என்பது என் கணிப்பு. சேவல் சேராத முட்டையும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும்.

அந்த 3 குஞ்சு கதைதான் பாவம். பழைய முட்டை, புது முட்டையைவிடச் சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூடப் பிந்திப் பொரிக்கும். அதற்குள் முதலில் வந்த குஞ்சுகள் கத்த ஆரம்பிக்க, தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு மேய இறங்கிவிடும். பிந்தியவை குளிர்ந்து போகும்.

அடுத்த ஈட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். தினமும் முட்டையை எடுத்துப் பென்சிலால் தேதி எழுதுங்கள். கழுவாதீர்கள், மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். சட்டியில் ஈர மணல் நிரப்பி, மேலே சாக்கு விரித்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்கி இருட்டான மூலையில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், அந்தக் குளிர் அதிகம். அடை வைக்கும்போது கடைசி ஒரு வாரத்து முட்டைகளை மட்டும் வையுங்கள். கோடையில் 4, 5 நாளுக்குள் இட்டவை என்றால் இன்னும் நல்லது. பழையதெல்லாம் ஆம்லெட்டுக்கு. எண்ணிக்கை குறைந்தால் மற்றப் பெட்டைகளின் முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். வேறு கோழி அடைக்கூடையில் ஏறி முட்டையிட விடாதீர்கள்.

7ஆம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் ஒவ்வொரு முட்டையாகப் பாருங்கள். சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது. நரம்பே இல்லாமல் முட்டை தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம், இல்லையென்றால் வெடித்துக் கூடையையே நாறடிக்கும்.

அப்புறம், அந்த 4 குஞ்சுக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து போட்டாயிற்றா? 7ஆம் நாள் கண்ணில் விட வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் என்றைக்குப் போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு, காலையிலேயே கொண்டுபோய்விடுங்கள்.