வெள்ளையைச் சரிசெய்யுங்கள், பிறகு நிறம்

திரையின் நிறத்தை அளக்கும் மீட்டர் வைத்து டிவியின் நிறத்தை வீட்டிலேயே திருத்துவது பற்றி திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் சில.

மீட்டர் வாங்கிவிட்டேன், மடிக்கணினியில் அதன் அளவுகளைக் காட்டும் எச்.சி.எஃப்.ஆர். மென்பொருளும் இருக்கிறது. எங்கே தொடங்குவது? (உப்புவெளி)

முதலில் டிவியை அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடேறும்வரை நிறம் ஒரு நிலைக்கு வராது. பிக்சர் மோட் சினிமா அல்லது ஃபில்ம்மேக்கர், கலர் டெம்பரேச்சர் வோர்ம். அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் வசதி, மின்சேமிப்பு, டைனமிக் கொன்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இவை ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் அளவு வேறாக வரும்.

அப்புறம் வெள்ளை. இலக்கு டி65, அதாவது டிவிப் படங்களுக்கான நியம வெள்ளை: மென்பொருளில் எக்ஸ் 0.3127, வை 0.3290 என்று வரவேண்டும். 80 சதவீதச் சாம்பலைத் திரையில் காட்டி, டிவியின் வைட் பலன்ஸ் மெனுவில் கெயினை (வெளிச்சப் பகுதிகளுக்கான திருத்தம்) மாற்றுங்கள். 30 சதவீதத்தில் ஒஃப்செட் (இருண்ட பகுதிகளுக்கானது). பச்சையைத் தொடாமல் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் நகர்த்துவது நல்லது. ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் விலகும், அதனால் இரண்டுக்கும் மாறி மாறிப் போகவேண்டும். டெல்டா ஈ (நிறம் இலக்கிலிருந்து விலகிய அளவு) 3-க்குக் கீழே வந்துவிட்டால் படம் பார்க்கும்போது பிழையைக் கண் பிடிப்பது அரிது. அதற்குமேல் துரத்தி ஓர் இரவைத் தொலைக்காதீர்கள்.

தனித்தனி நிறங்களைத் திருத்தும் மெனுவைக் கடைசிக்கு விடுங்கள். வெள்ளை நேரானாலே முகத்தின் நிறம் பெரும்பாலும் தானாக வழிக்கு வரும்.

திருத்திய பிறகு எல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று வீட்டில் சண்டை. (பாலையூற்று)

கண் இவ்வளவு காலம் நீலம் கூடிய வெள்ளைக்குப் பழகியிருக்கிறது. ஒரு கிழமை அப்படியே விட்டுவிட்டு, பழைய அமைப்பில் ஒரு டெஸ்ட் மட்ச் போட்டுக் காட்டுங்கள். வீரர்களின் வெள்ளை உடுப்பில் ஏறியிருக்கும் நீலம் அவர்களுக்கே தெரியும்.

நண்பரிடமும் இதே மொடல். அவருடைய எண்களை அப்படியே போடலாமா? (கிண்ணியா)

வேண்டாம். ஒரே மொடலிலும் திரைக்குத் திரை வித்தியாசம் உண்டு. மீட்டரைக் கடன் வாங்குங்கள், எண்களை வாங்காதீர்கள். தொலைபேசி கமராவும் மீட்டருக்கு ஈடாகாது. அது தன் பாட்டில் வெள்ளையை மாற்றிக்கொள்ளும்.

என்னுடையது ஓலெட். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? (நிலாவெளி)

முழுத்திரை வெள்ளையில் அளக்காதீர்கள், திரை தானாக மங்கிவிடும். திரையில் பத்தில் ஒரு பங்குச் சதுரம் போதும். மென்பொருளில் திரை வகையையும் ஓலெட் என்று தெரிவுசெய்யுங்கள்; எல்.சி.டி. தெரிவில் அளந்தால் வெள்ளையே பிழைக்கும்.

காலை வெயில் கடல் பக்கத்து யன்னலால் நேரே விழுகிறது. (சாம்பல்தீவு)

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு மோட் வைத்திருங்கள். இரவில் வெள்ளையின் வெளிச்சம் 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் போதும், பகலில் 200 வரை ஏற்றலாம். வெள்ளையின் இலக்கு இரண்டிலும் டி65 தான்.

மீட்டரை மேசையில் திறந்து போடாதீர்கள். மாரிகால ஈரம் சில மீட்டர்களின் வடிகட்டியைக் கெடுத்துவிடும். சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.